பிரெய்ரிக் குளிரில் ஆப்பிள்: எந்த மரம் நிற்கும், ஏன் நிற்கும்

கடையில் விற்கிற ஃபூஜி, காலா மாதிரியான ரகத்தை வாங்கிக்கொண்டுபோய் கனடாவின் சாஸ்கடூனிலோ வின்னிபெக்கிலோ வீட்டுக்குப் பின்னால் நட்டால், அது இரண்டு குளிர்காலம் தாண்டினாலே பெரிய விஷயம். ஏன் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: அங்கே மைனஸ் 40 டிகிரி குளிர், ஆப்பிள் தாங்காது. ஆனால் அதே ஊர்களில் மே மாதக் கடைசியில் தெருவில் நடந்து பாருங்கள், வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நிற்கிற மரங்களில் பெரும்பகுதி ஆப்பிள் இனத்தைச் சேர்ந்தவைதான். அவையும் அதே மைனஸ் 40ஐப் பார்த்தவை, கூரையோ கண்ணாடி வீடோ அவற்றுக்கு இல்லை. அப்படியானால் ஒன்று சாகிறது, இன்னொன்று பூக்கிறது என்றால் வித்தியாசம் எங்கே? முக்கால்வாசி வித்தியாசம், மரம் எப்போது உறங்கப் போகிறது, எப்போது விழிக்கிறது என்பதில் இருக்கிறது. ரகம் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலானவர்கள் பார்க்காமல் விடுவதும் அதைத்தான்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரெய்ரி என்றால் கனடாவில் மானிடோபா, சாஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா மாநிலங்களின் தெற்குப் பாதி, அதற்குக் கீழே அமெரிக்காவின் டக்கோட்டாக்கள், மினசோட்டாவின் மேற்குப் பக்கம், இன்னும் கீழே அயோவா வரை. கடல் வெகு தூரம். வடக்கே ஆர்க்டிக்கிலிருந்து இறங்கிவரும் காற்றைத் தடுக்க ஒரு மலை கிடையாது. உறைபனி விழாத நாட்கள் பல இடங்களில் ஏறக்குறைய 100 முதல் 120 வரைதான். ஆனால் அந்த நாட்கள் சாதாரண நாட்கள் அல்ல, சாஸ்கடூன் 52 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால் ஜூனில் பகல் 16 மணி நேரத்துக்கு மேல் நீளும், மரம் அசுர வேகத்தில் வளரும். வளர்வது அங்கே பிரச்சினையே இல்லை, வளர்ச்சியைச் சரியான நேரத்தில் நிறுத்துவதுதான் பிரச்சினை.

ஆப்பிள் மரம் குளிரை எப்படித் தாங்குகிறது என்று பார்த்தால் இது புரியும். ஆகஸ்டில் பகல் குறைந்து, இரவுகள் குளிரத் தொடங்கியதும் மரம் புதுத் தளிர் விடுவதை நிறுத்துகிறது, நுனி மொட்டுகள் மூடிக்கொள்கின்றன. அது முதல் கட்டம். அப்புறம் செப்டம்பர், அக்டோபரில் லேசான உறைபனி விழும்போது இரண்டாம் கட்டம்: செல்களுக்குள் சர்க்கரை கூடுகிறது, செல் சவ்வுகளின் தன்மையே மாறுகிறது, பட்டையில் உள்ள செல்களிலிருந்து நீர் வெளியே வந்து செல்களுக்கு இடையில் உறைகிறது. உள்ளே பனிக்கட்டி உருவாகாத வரை செல் பிழைக்கும். ஆனால் மரத்தின் கட்டைப் பகுதியில் உள்ள சில செல்களுக்கு நீரை அப்படி வெளியேற்ற வழியில்லை. அவை வேறொரு வேலை செய்கின்றன: நீரை உறையவிடாமல், பூஜ்யத்துக்கு வெகு கீழேயும் திரவமாகவே வைத்திருக்கின்றன. இதற்கு இயற்பியலே ஓர் எல்லை போட்டிருக்கிறது, ஏறத்தாழ மைனஸ் 40. அதைத் தாண்டினால் அந்த நீர் ஒரே நொடியில் உறைந்து செல் செத்துவிடும். பிரெய்ரியில் பழைய ஆப்பிள் கிளையை ரம்பத்தால் வெட்டினால் பல நேரம் வெளிவட்டம் வெளிறிய பச்சையும் வெள்ளையுமாக உயிரோடு இருக்கும், நடுவில் மட்டும் காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு வட்டம் தெரியும். அது ஏதோ ஒரு குளிர்காலத்தில் இந்த எல்லையைத் தொட்டதன் தழும்பு. பட்டையும் அதை ஒட்டிய வளர்திசுவும் பிழைத்ததால் மரம் அதற்கு மேல் புதுக்கட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம். மைனஸ் 40 என்பது ஜனவரி மரத்தின் கணக்கு, முழுக்கத் தயாராகிவிட்ட மரத்தின் கணக்கு. அதே மரம் அக்டோபர் தொடக்கத்தில் மைனஸ் 15க்கே சாகலாம். இதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்: 1940 நவம்பர் 11. அந்த ஆண்டு அயோவாவில் இலையுதிர்காலம் வெதுவெதுப்பாகவே நீண்டுகொண்டிருந்தது, மரங்கள் இன்னும் சாறோடு இருந்தன. அன்று காலையில் இதமாக இருந்த வானிலை சில மணி நேரத்தில் பனிப்புயலாக மாறி வெப்பநிலை தலைகுப்புற விழுந்தது. ஜனவரியில் வந்திருந்தால் அந்த மரங்கள் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கக்கூடிய குளிர்தான் அது. நவம்பர் தொடக்கத்தில் வந்ததால் அயோவாவின் ஆப்பிள் தோட்டங்கள் பெருமளவில் அழிந்தன, பல விவசாயிகள் அந்த நிலத்தில் மறுபடி ஆப்பிள் நடாமல் சோளத்துக்கும் சோயாவுக்கும் போய்விட்டார்கள். அதுவரை அமெரிக்காவில் பெயர்பெற்ற ஆப்பிள் மாநிலங்களில் ஒன்றாக இருந்த அயோவா அதற்கப்புறம் அந்த இடத்துக்குத் திரும்பவே இல்லை.

சரி, சரியான நேரத்தில் உறங்கத் தெரிந்த ஆப்பிள் எது? மாலஸ் பக்காட்டா, அதாவது சைபீரியக் கிராப் ஆப்பிள் (கிராப் ஆப்பிள் என்றால் சின்னப் பழம் காய்க்கும் ஆப்பிள் வகை). பைக்கால் ஏரிப் பக்கமும் மஞ்சூரியாவிலும் காட்டில் தானாக வளர்வது. பழம் ஒரு சென்டிமீட்டர் இருந்தால் அதிகம், சுண்டைக்காய் மாதிரி கொத்துக்கொத்தாக, நீளக் காம்பில் தொங்கும். வாயில் போட்டால் புளிப்பும் துவர்ப்புமாக நாக்கை இழுக்கும். ஆனால் கோடை முடிவதற்குள்ளேயே வளர்ச்சியை முடித்துக்கொண்டு, முதல் கடும் உறைபனிக்கு முன்னால் இலையையும் உதிர்த்துவிட்டுத் தயாராக இருக்கும். இன்னொரு குணம், கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும். சாதாரண ஆப்பிளின் அடியில் காய்ந்த பூவிதழ் மாதிரி ஒரு சின்னக் கிரீடம் ஒட்டிக்கொண்டிருக்குமே, அது இதில் இருக்காது, பழம் பழுப்பதற்குள் உதிர்ந்து ஒரு வட்டத் தழும்பு மட்டும் இருக்கும். தெருவோரக் கிராப் ஆப்பிளில் சைபீரிய ரத்தம் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி இது. ஒரே மரத்தில் சில பழத்தில் கிரீடம் இருக்கும், சிலவற்றில் இருக்காது என்றால் பெரும்பாலும் கலப்பினம்தான்.

இந்தக் குட்டிப் பழ மரத்தின் நேர உணர்வையும் ஐரோப்பிய ஆப்பிளின் சதையையும் சேர்க்க வேண்டும் என்று கனடாவில் முறையாக இறங்கியவர் வில்லியம் சாண்டர்ஸ். தொழிலால் மருந்துக்கடைக்காரர், ஆர்வத்தால் பூச்சியும் செடியும் ஆராய்ந்தவர், 1886இல் அரசு பரிசோதனைப் பண்ணைகளைத் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் ஆனார். (மார்க்விஸ் கோதுமையைத் தந்த சார்லஸ் சாண்டர்ஸ் இவருடைய மகன்தான், அந்தக் குடும்பத்துக்குப் பிரெய்ரி நிறையவே கடன்பட்டிருக்கிறது.) முதலில் எல்லோரும் செய்ததைத்தான் அவரும் செய்தார், ரஷ்யாவிலிருந்து குளிர் தாங்கும் என்று பெயர்வாங்கிய பெரிய பழ ரகங்களைக் கொண்டுவந்து மானிடோபாவில் பிராண்டன், சாஸ்காச்சுவானில் இந்தியன் ஹெட் பண்ணைகளில் நட்டுப் பார்த்தார். ஏறக்குறைய எல்லாம் செத்தன. மாஸ்கோ குளிர் வேறு, பிரெய்ரிக் குளிர் வேறு. மாஸ்கோவில் பனி ஒழுங்காக விழுந்து வேரை மூடிவிடும், குளிர் வந்தால் வந்ததுதான், நடுவில் ஏமாற்றாது.

அப்புறம்தான் கலப்பு. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவிலிருந்து 1887இல் வாங்கிய சைபீரியக் கிராப் ஆப்பிள் விதை முளைத்து மரமாகிப் பூத்ததும், 1894இல் அந்தப் பூக்களில் பெரிய ஆப்பிள்களின் மகரந்தத்தைப் போட ஆரம்பித்தார். பிறந்த பிள்ளைகளில் கொலம்பியா, ஆஸ்மன் போன்ற சில தேறின. குளிர் தாங்குவதில் தாயைப் போலவே உறுதி. பழம்தான் ஏமாற்றம், இன்னும் கிராப் ஆப்பிள் அளவுதான்.

இதற்குக் காரணம் மரபியலில் இருக்கிறது. 150 கிராம் ஆப்பிளையும் ஒரு கிராம் காட்டுப் பழத்தையும் சேர்த்தால் நடுவில் 75 கிராம் வரும் என்று மனம் கணக்குப் போடும். ஆப்பிளில் அப்படி நடக்காது, பெருக்கல் சராசரிக்குப் பக்கத்தில்தான் நிற்கும், அதாவது 12 கிராம் சுற்றி. அதை மறுபடியும் பெரிய ஆப்பிளோடு சேர்த்தால் 40ஐத் தாண்டும், இன்னொரு முறை சேர்த்தால்தான் ஆப்பிள் என்று சொல்கிற அளவுக்கு வரும். ஒவ்வொரு முறையும் விதையிலிருந்து பழம் வரை பல ஆண்டு காத்திருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் குளிர் தாங்கும் குணம் கொஞ்சம் கரைந்துபோகும். பிரெய்ரி ஆப்பிளின் நூற்றாண்டுக் கதை மொத்தமும் இந்த இழுபறிதான். பழம் 5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் கிராப் ஆப்பிள், மேலே இருந்தால் ஆப்பிள் என்று தோட்டக்கலைக்காரர்கள் ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிறவற்றை அங்கே ஆப்பிள்-கிராப் என்பார்கள். என் பார்வையில் அந்த ஊருக்கு மிகச் சிறந்த பழங்கள் அந்த நடுவகையில்தான் இருக்கின்றன, அதற்குப் பிறகு வருகிறேன்.

எல்லைக்குத் தெற்கேயும் இதே போராட்டம் நடந்தது. மினசோட்டாவில் பீட்டர் கிடியன் என்பவர் 1850களில் ஏரிக்கரையில் குடியேறி நட்ட ஆப்பிள் கன்றுகள் குளிரில் வரிசையாகச் செத்தன. கையில் மிஞ்சிய எட்டு டாலரைக் குளிர்கோட்டுக்குச் செலவழிக்காமல் மெய்ன் மாநிலத்திலிருந்து விதை வரவழைத்தார், கோட்டுக்குப் பதிலாகப் பழைய கையில்லாச் சட்டை இரண்டைச் சேர்த்துத் தைத்து, பழைய கால்சட்டையின் கால்களை வெட்டிக் கையாக வைத்துப் போட்டுக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. அந்த விதையில் வந்ததுதான் வெல்தி என்ற ரகம், மனைவியின் பெயர். வெல்தியின் ரத்தம் மினசோட்டா பல்கலைக்கழகம் 1922இல் வெளியிட்ட ஹாரல்சனில் இருக்கிறது, ஹாரல்சன் வழியாக வடக்கே மானிடோபாவுக்கும் போயிருக்கிறது.

தெற்கு டக்கோட்டாவின் புரூக்கிங்ஸில் நீல்ஸ் ஹான்சன் என்று ஒரு பேராசிரியர். அமெரிக்க வேளாண் துறை 1897இல் இவரை ரஷ்யாவுக்கும் சைபீரியாவுக்கும் செடி தேடி அனுப்பியது. அங்கிருந்து வந்த விதையில் கிடைத்த ஒரு கிராப் ஆப்பிளை 1917இல் டோல்கோ என்ற பெயரில் வெளியிட்டார். நூறாண்டு கடந்தும் பிரெய்ரியில் இன்னும் விற்கிற மரம். ஜெல்லி காய்ச்சினால் கண்ணாடிச் சிவப்பில் வரும், சாயமே வேண்டாம். மரம் பெரிதாகும், குளிரில் அசையாது, கிளையைக் கருக்கும் ஃபயர் பிளைட் என்ற பாக்டீரியா நோயையும் நன்றாகத் தாங்கும்.

கனடாவில் அடுத்த கட்டம் மானிடோபாவின் மோர்டன். அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காற்றைத் தடுக்க மரவரிசை வளர்த்து, அதன் மறைவில் ஆப்பிள் பழுக்கவைத்துக் காட்டியிருந்தார். 1915இல் அங்கேயே அரசு ஆராய்ச்சி நிலையம் வந்தது. சாஸ்காச்சுவானின் ஸ்காட் நிலையம், ஆல்பர்ட்டாவின் பீவர்லாட்ஜ், சாஸ்கடூனில் உள்ள சாஸ்காச்சுவான் பல்கலைக்கழகம் எல்லாம் சேர்ந்து செய்த வேலை மொத்தத்தையும் ஒரே வரியில் சொல்லலாம்: ஆயிரக்கணக்கில் விதை போடு, குளிரில் விடு, செத்ததைத் தூக்கி எறி. கருவி, கணினி எதுவும் இல்லாத காலத்தில் இதைவிட நேர்மையான தேர்வு இருந்திருக்க முடியாது. நிலையங்களில் மட்டும் இல்லை, தனி விவசாயிகளும் இதைச் செய்தார்கள். சாஸ்காச்சுவானின் நெவிலில் அடால்ஃப் ஹேயர் வளர்த்த நாற்றுகளில் தேறிய ஒன்று ஹேயர் 12 என்றே இன்றும் விற்கிறது. பார்க்சைடில் பெர்ட் போர்ட்டர், ரோஸ்தெர்னில் கோதுமைக்கு உலகப் பரிசு வாங்கிய சீகர் வீலர், இவர்களும் பழமரம் பிடித்துப்போய் விடாமல் முயன்றவர்கள்.

இனி ரகங்கள். ரெஸ்க்யூ, ஸ்காட் நிலையத்தின் பிள்ளை, 1930களில் வந்தது. சிவப்புக்கோடு போட்ட சின்னப் பழம், ஆகஸ்டிலேயே பழுக்கும், சாவதே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் கெட்டி. ஆனால் பறித்த சில நாளில் மாவாகிவிடும். இதை மெக்கின்டாஷ் வழிவந்த மெல்பாவோடு சேர்த்ததில் வந்தவை நோர்லாண்ட், பார்க்லாண்ட் இரண்டும். ரெஸ்க்யூவின் அவசரமும் மெல்பாவின் வாசனையும் இவற்றில் தெரியும். நோர்லாண்டில் ஒரு சங்கதி: மரத்திலேயே முழுக்கச் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் உள்ளே மாவாகிவிடும், கொஞ்சம் பச்சையோடு இருக்கும்போதே பறித்தால்தான் கடிக்க மொறுமொறுவென்று இருக்கும், சில வாரம் வைத்திருக்கவும் முடியும். நோர்லாண்ட் ருசியில்லை என்று திட்டுகிறவர்களில் பாதிப்பேர் ஒரு வாரம் தாமதமாகப் பறிப்பவர்கள் என்று எனக்குச் சந்தேகம்.

குட்லாண்ட் வேறு தரம். மோர்டன் 1955இல் வெளியிட்டது, ரஷ்ய வழியில் வந்த பேட்டன் கிரீனிங்கின் விதையில் பிறந்தது. வெளிர்மஞ்சளில் சிவப்பு பூசிய, கைநிறையப் பிடிக்கும் பழம். கடையில் வாங்குகிற ஆப்பிளுக்கு மிக நெருங்கியது, சில மாதம் கெடாமல் இருக்கும். நோர்லாண்ட் அளவுக்கு முரட்டு மரம் இல்லை, காற்று மறைவான இடம் கேட்கும். ஹேயர் 12 அதற்கு நேரெதிர்: பச்சைமஞ்சள், புளிப்பு, வைத்திருக்கவே முடியாது, ஆனால் வேறு எந்த ஆப்பிளும் நிற்காத வடக்கில் கூட நிற்கும். சாறு பிழியவும் வேகவைத்து மசிக்கவும் நல்லது. ஆல்பர்ட்டாவின் ராக்கி மவுண்டன் ஹவுஸ் பக்கம் உருவான செப்டம்பர் ரூபி, பீவர்லாட்ஜில் தேறிய நோர்கென்ட் இரண்டும் இன்று விரும்பி நடப்படுகின்றன. நோர்கென்டின் சதையில் லேசாகப் பேரிக்காய் வாடை இருக்கும்.

நடுவகை என்றேனே, அதில் முதலிடம் கெர். மோர்டனில் லெஸ் கெர் என்பவர் 1938இல் டோல்கோவையும் ஹாரல்சனையும் சேர்த்தார், 1952இல் வெளியானது. முட்டை வடிவம், கறுஞ்சிவப்பு, இரண்டு கடியில் தீர்ந்துபோகும் அளவு. பறித்தவுடன் சாப்பிட்டால் புளிப்புத்தான் முன்னால் நிற்கும். குளிர்ந்த அறையில் வைத்துவிட்டு கிறிஸ்துமஸ் பக்கம் எடுத்தால் புளிப்பு தணிந்து, ஒயின் மாதிரி ஓர் ஆழமான ருசி வந்திருக்கும். டோல்கோ வழியில் சைபீரிய ரத்தம், ஹாரல்சன் வழியில் கிடியன் மரத்தின் ரத்தம், ஹான்சன் தேடியதும் கிடியன் தேடியதும் ஒரு பழத்துக்குள் சேர்ந்திருக்கின்றன. சின்னப் பழம் என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். சின்னதாக இருப்பதால்தான் அந்தக் குறுகிய கோடையில் அது முழுக்கப் பழுக்கிறது.

ட்ரெயில்மேன் இன்னும் சின்னது, பொன்மஞ்சளில் சிவப்பு, சாண்டர்ஸின் ஆஸ்மன் இதற்குப் பெற்றோர்களில் ஒன்று. குழந்தைகள் மரத்தடியிலேயே காலி செய்துவிடும் இனிப்பு. டோல்கோ மாதிரிப் புளிப்புக் கிராப் ஆப்பிளை ஜெல்லிக்கு மட்டும் என்று வைத்துவிடுகிறார்கள், ஆனால் எட்மன்டன், கால்கரி பக்கம் இருக்கும் நம்மவர்கள் மாங்காய்க்குப் பதில் இதில் ஊறுகாய் போட்டுப் பார்க்கலாம். காரத்தையும் நல்லெண்ணெயையும் தாங்குகிற புளிப்பு இதில் உண்டு.

பழத்துக்கில்லாமல் பூவுக்காகவே வளர்க்கும் கிராப் ஆப்பிள் தனி உலகம். மத்திய ஆசியாவில் இலை, பூ, சதை எல்லாமே சிவப்பாக இருக்கும் ஓர் ஆப்பிள் இருக்கிறது. அதன் வழிவந்தவற்றைக் கொண்டு ஒட்டாவாவில் இசபெல்லா பிரஸ்டன் 1920களில் உருவாக்கிய ரோசிபுளூம் வரிசைக்கு சிம்கோ, அதபாஸ்கா, மகாமிக் என்று கனடிய ஏரிகளின் பெயர்களையே வைத்தார். பிரெய்ரியில் இன்று அதிகம் தெரிவது தண்டர்சைல்ட், ஊதா இலை, சாஸ்காச்சுவானின் பெர்சி ரைட் உருவாக்கியது. இன்னொன்று ஸ்பிரிங் ஸ்னோ, வெள்ளைப் பூ மட்டும், பழமே காய்க்காது, நடைபாதையில் விழுந்து நசுங்காது என்பதால் நகராட்சிகளுக்குச் செல்லம். ஆப்பிள் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்காது, பக்கத்தில் வேறு ரகம் வேண்டும். ஊருக்குள் இருப்பவர்களுக்குத் தெருவோரக் கிராப் ஆப்பிள்களே அந்த வேலையைச் செய்துவிடும், ஒற்றை மரம் போதும். ஆனால் உங்கள் தெருவில் இருப்பது எல்லாமே ஸ்பிரிங் ஸ்னோ என்றால் நம்பியிருக்க முடியாது, அது மலட்டு மரம்.

ரகத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், தரைக்குக் கீழே இருப்பதை மறந்துவிடுகிறோம். ஆப்பிள் விதை தாயைப் போல வராது, ஆகவே எந்த ரகமும் ஒட்டு மரம்தான், மேலே நோர்லாண்ட், கீழே வேறு ஏதோ ஒரு வேர்ச்செடி. வேருக்குக் கட்டை அளவுக்குக் குளிர் தாங்கும் சக்தி கிடையாது, உலகத் தோட்டங்களில் பரவலாக இருக்கும் எம்.9 போன்ற குட்டை வேர்ச்செடிகளின் வேர், மண் மைனஸ் 10ஐ ஒட்டிப் போனாலே ஆபத்தில் இருக்கும். பனி மூடியிருந்தால் மண் அவ்வளவு கீழே போகாது. பனியே விழாமல் காற்று தரையைத் துடைத்துவிட்ட டிசம்பரில் குளிர் இறங்கினால்தான் கதை முடிகிறது. வசந்தத்தில் மொட்டு பச்சையாகப் பிரியும், இலை கொஞ்சம் வரும், ஜூனில் வாடிச் சாகும். மேலே ஒன்றும் ஆகவில்லையே என்று ஆள் குழம்பிப்போவார், வேர் குளிர்காலத்திலேயே போயிருக்கும். ஆகவே நர்சரியில் ரகம் என்ன என்று கேட்பதோடு, எதன்மேல் ஒட்டியது என்றும் கேட்க வேண்டும். சைபீரியக் கிராப் ஆப்பிள் நாற்றோ, ரஷ்ய அன்டோனோவ்கா நாற்றோ, குட்டை மரம் வேண்டுமானால் ஒட்டாவா 3 அல்லது பட் 9 என்றோ பதில் வந்தால் சரி. தெரியாது என்று பதில் வந்தால் நான் வாங்கமாட்டேன்.

மரத்தோடு வரும் அட்டையில், எந்தக் குளிர்ப் பகுதி வரை அது தாங்கும் என்று காட்டப் போட்டிருக்கும் மண்டல எண்ணையும் அளவோடு நம்புங்கள். அமெரிக்க வரைபடம் ஆண்டின் மிகக் குறைந்த வெப்பநிலையின் சராசரியை மட்டும் வைத்துப் போட்டது. கனடாவின் பழைய முறை ஏழு காரணிகளைச் சேர்த்துப் பார்க்கும்: குளிர், உறைபனியில்லா நாட்கள், கோடை வெப்பம், மழை, பனியின் ஆழம், காற்று எல்லாம். கடைகளில் இரண்டு எண்ணும் கலந்து கிடக்கின்றன. அமெரிக்க எண் மரம் உயிரோடு இருக்குமா என்று ஊகிக்க உதவும், பழம் பழுக்குமா என்று சொல்லாது. ஹனிகிரிஸ்ப் நல்ல உதாரணம், எல்லோரும் கேட்பது அதைத்தான். மினசோட்டா பல்கலைக்கழகம் 1991இல் வெளியிட்டது, குளிர் தாங்கும் ரகம் என்று பெயர். மரம் வின்னிபெக்கில் மறைவான இடத்தில் பிழைக்கலாம். ஆனால் அதன் பழம் செப்டம்பர் பிற்பகுதியைத் தாண்டிப் பழுப்பது, சாஸ்கடூனில் அதற்குள் உறைபனி வந்துவிடும். தாமதமாகப் பழுக்கிற மரம் தாமதமாகத்தான் உறங்கவும் போகும் என்பது விதியில்லை, ஆனாலும் பழத்தைச் சுமந்துகொண்டே அக்டோபருக்குள் போகிற மரம் குளிருக்குத் தயாராகக் கையிருப்புக் குறைவாகத்தான் வைத்திருக்கும்.

மரத்தை நேரத்துக்கு உறங்கவைப்பதில் நம் பங்கும் இருக்கிறது. ஜூலை தொடங்கியபிறகு தழைச்சத்து உரம் போடக் கூடாது, புல்தரைக்குப் போடுகிற உரம் மரத்தடிக்கு வருவதையும் கவனிக்க வேண்டும். ஆகஸ்ட் பிற்பகுதியில் தண்ணீரைக் குறைத்து, இலை உதிர்ந்தபிறகு தரை உறைவதற்கு முன் ஒருமுறை ஆழமாகப் பாய்ச்ச வேண்டும். ஈரமான மண் காய்ந்த மண்ணைவிட மெதுவாகக் குளிரும். கோடைக் கடைசியில் கவாத்து செய்தால் புதுத் தளிர் விடும், அந்தத் தளிர் அப்படியே கருகும், ஆகவே கவாத்து குளிர்காலக் கடைசியில், மொட்டு அசைவதற்கு முன். தழைச்சத்தைக் குறைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு, ஃபயர் பிளைட் பாக்டீரியாவுக்குப் பிடித்ததே சாறு நிறைந்த இளந்தளிர்தான். நுனி கொக்கியாக வளைந்து, நெருப்பில் காட்டியது போல் கறுத்த கிளையைக் கண்டால், கறுப்பு முடியும் இடத்திலிருந்து ஒரு முழம் கீழே வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைச் சாராயத்தில் துடைக்க வேண்டும்.

உறங்கவைப்பது மட்டும் போதாது, தவறான நேரத்தில் எழுப்பாமலும் இருக்க வேண்டும். கால்கரியில் சினூக் என்று மலையிலிருந்து இறங்கும் வெப்பக்காற்று, ஜனவரியில் சில மணி நேரத்திலேயே வெப்பநிலையை 20 டிகிரிக்கு மேல் ஏற்றிவிடும், அப்புறம் அப்படியே போய்விடும். கால்கரியின் குறைந்தபட்சக் குளிர் வின்னிபெக்கைவிடக் கடுமை இல்லை, ஆனாலும் ஆப்பிளுக்குக் கால்கரிதான் கடினம் என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். மற்ற ஊர்களிலும் பிப்ரவரி, மார்ச் பிற்பகலில் தாழ்ந்த வெயில் பனியில் பட்டுத் தெறித்து, அடிமரத்தின் தென்மேற்குப் பக்கத்தைச் சூடாக்கும். பட்டை விழித்துக்கொள்ளும், சூரியன் மறைந்ததும் உறையும், கோடையில் அந்தப் பக்கம் நெடுக வெடித்து உரியும். அடிமரத்தில் வெள்ளை பூசுவதும் வெள்ளைச் சுருள் காப்புச் சுற்றுவதும் இதற்காகத்தான். காப்பு, பனிக்கடியில் வந்து பட்டையைச் சுற்றிக் கொறிக்கும் எலிகளையும் தடுக்கும். அதே காரணத்தால் தெற்குச் சுவரை ஒட்டி நடுவதும் ஆபத்து. வெதுவெதுப்பான இடம் என்று தோன்றும், ஆனால் மரம் ஏப்ரலிலேயே விழித்து, மே உறைபனியில் பூவைப் பறிகொடுக்கும். முழுக்க விரிந்த பூ மைனஸ் 2க்கே சேதப்படத் தொடங்கும், மைனஸ் 4ஐத் தொட்டால் பெரும்பகுதி போய்விடும். வீட்டின் கிழக்குப் பக்கமோ, வடகிழக்காகச் சரியும் நிலமோ நல்லது, மேற்கிலும் வடக்கிலும் காற்றைத் தடுக்க ஸ்ப்ரூஸ் மரமோ கரகானாப் புதரோ வரிசையாக இருந்தால் இன்னும் நல்லது.

சைபீரியாவில் இதே சிக்கலுக்கு வேறொரு வழியும் கண்டார்கள். பெரிய பழ ரகங்களைச் சின்ன வயதிலிருந்தே தரையோடு படுக்கவைத்து வளைத்து வளர்த்து, குளிர்காலம் முழுக்கப் பனிக்கடியில் வைத்திருப்பார்கள். பனி நிச்சயமாக விழும் இடத்தில் இது பலிக்கும், காற்று பனியை அள்ளிக்கொண்டு போகும் பிரெய்ரியில் கஷ்டம்.

ஒரே மரத்துக்குத்தான் இடம் இருக்கிறது, எதை நடுவது என்று கேட்டால், காற்று மறைவான பெரிய ஊர்த் தோட்டத்துக்கு குட்லாண்ட், திறந்த வெளிக்கும் பண்ணை வீட்டுக்கும் கெர். நோர்லாண்டைச் சீக்கிரம் பறிக்கிற பொறுமை உள்ளவர்கள் அதையும் யோசிக்கலாம். டோல்கோ மரம் ஏற்கெனவே வீட்டில் நிற்கிறது என்றால் வெட்ட வேண்டாம், அதன் கிளைகளிலேயே இரண்டு மூன்று ரகத்தை ஒட்டுக் கட்டிவிடுங்கள். உறுதியான வேரும் அடிமரமும் அங்கே ஏற்கெனவே இருக்கிறது, ஒட்டுக்குச்சியை மார்ச்சில் வெட்டி ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, மொட்டு பிரியும் மே மாதத்தில் கட்டினால் போதும். ஒரு குச்சி ஏதோ ஒரு குளிர்காலத்தில் போனாலும் மரம் போகாது.